வீட்டுக்கு வந்த படங்கள்

சினிமாப் பார்க்க நாம் கொட்டகைக்குப் போன காலம் ஒன்று உண்டு. இப்போது சினிமாவே வீடு தேடி வந்துவிடுகிறது. டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைப்பதில்லை. பாதியில் காப்பி வேண்டுமென்றால் படத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கலந்துகொண்டு வரலாம். நம் ஊர்க் கொட்டகைக்காரர் ஒருவரும் தைரியமாக வரவழைத்துப் போட்டிருக்க முடியாத படங்களெல்லாம், இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், கூடத்து டெலிவிஷனில் வந்து நிற்கின்றன. இந்த வசதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் வலியோடு படியேற முடியாதவர்களுக்கும், வீட்டை விட்டு மூன்று மணி நேரம் நகர முடியாத பெண்களுக்கும் உலகத்தின் நல்ல படங்கள் கிடைக்கின்றன என்றால், அது சாதாரண விஷயமல்ல.

கடந்த இரண்டு மாதங்களில் இப்படி ஐந்து படங்கள் பார்த்தேன். சில படங்களை இரண்டாம் தடவையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி இங்கே எழுதுவதை விமரிசனம் என்று பெரிய பெயரிட்டு அழைக்க வேண்டாம். சினிமா எடுக்கும் தொழில் எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவன் ஒருவனுக்குத் தோன்றிய அபிப்பிராயங்கள் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் ஐந்தையும் பார்த்து முடித்தபோது, ஐந்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. படம் ஓடுகிற நேரம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கா, பார்க்கிறவருக்கா?

இந்தக் கேள்வி கொட்டகையில் எழுந்ததில்லை. அங்கே விளக்கை அணைத்துவிட்டால் அப்புறம் எல்லாம் படத்தின் இஷ்டம். வீட்டில் அப்படி இல்லை. கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. அதில் ஒரு பொத்தானைத் தட்டினால் படம் பத்து விநாடி முன்னே தாவுகிறது. இன்னொன்றைத் தட்டினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கல்லூரியில் படிக்கும் என் பேரன் இந்த வித்தையில் தேர்ந்தவன். இரண்டரை மணி நேரப் படத்தை ஒன்றேகால் மணியில் பார்த்து முடித்து, கதையையும் தப்பில்லாமல் சொல்லிவிடுவான். நான் பார்த்த ஐந்து படங்களில் நாலின்போது அவனும் கூட இருந்தான்.

முதலில் பார்த்தது ‘அந்த நாள்’. 1954-ல் ஏவி.எம். வெளியிட்ட படம். டைரக்டர் எஸ். பாலசந்தர்; வீணை வித்வானாகவே பெரும்பாலோர் அறிந்த அதே பாலசந்தர்தான். சங்கீத வித்வான் ஒருவர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை என்பது இன்று நினைத்தாலும் வேடிக்கையாக இருக்கிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டார்கள் அல்லவா? அதற்கு மறுநாள் காலையில் ரேடியோ இன்ஜினீயர் ஒருவர் தம் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். சுட்டது யார்? வீட்டு மனிதர்களும் அக்கம்பக்கத்தவர்களும் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். சிவாஜி கணேசன் சினிமாவுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. முதல் காட்சியிலேயே செத்துப் போகிற பாத்திரத்தை அவர் ஒப்புக்கொண்டது பெரிய காரியம்.

குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தின் சாயல் இதில் உண்டு என்று சொல்வார்கள். சாயல் இருக்கிறதுதான். ஆனால் இரண்டு படங்களும் போய்ச் சேருகிற இடம் வேறு. அந்த ஜப்பானியப் படத்தில் கடைசி வரையில் உண்மை யார் கைக்கும் அகப்படுவதில்லை. நம் படத்தில் அகப்பட்டுவிடுகிறது. நம் ரஸிகர்களை உண்மை தெரியாமல் வீட்டுக்கு அனுப்புவதற்கு நம்மவர்களுக்கு மனம் துணிவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று இங்கே விசாரிக்கப் போவதில்லை. இந்தப் படத்தில் எனக்குள்ள குறை வேறு. எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். மனத்தில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். வெளிச்சமும் நிழலும் அவ்வளவு அழகாகப் பேசுகிற படத்தில் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் வாய்மூடி இருந்திருக்கலாம்.

இந்தப் படத்துக்குப் பேரன் பொத்தானைத் தொடவே இல்லை. எந்த நிமிஷத்தில் எந்தத் துப்பு இருக்குமோ என்ற பயம். யார் சுட்டது என்று நான் இங்கே சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்லலாம். மர்மம் தெரிந்த பிறகு மறுபடி பார்க்கும்போதுதான் இது எனக்கு நல்ல படமாகத் தோன்றிற்று. முதல் தடவை கதை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் தடவை நான் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணத் தயக்கம் என்று முதலில் தோன்றியது, அடுத்த முறை பெரிய வேதனையாகத் தெரிந்தது. இது வீட்டில் படம் பார்ப்பதன் லாபம். புஸ்தகத்தில் பின்பக்கம் புரட்டுவதுபோலப் படத்திலும் புரட்ட முடிகிறது.

பின்னே புரட்டலாம் என்றால் முன்னே தள்ளலாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தள்ளுவது நமக்குப் புதிதும் அல்ல. கொட்டகையில் பாட்டு வந்ததும் எழுந்து வெளியே போய்ச் சோடா குடித்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் காமெடி வந்தால் முறுக்கு வாங்கப் போவார்கள். ஆனால் படம் அவர்களுக்காகக் காத்திருந்ததில்லை. திரும்பி வந்து இருட்டில் தட்டுத் தடுமாறி உட்கார்ந்து, “என்னாச்சு?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். ஏதோ ஒன்றை இழந்துவிட்டோம் என்ற உணர்வாவது அவர்களுக்கு இருந்தது. பொத்தானைத் தட்டுகிறவனுக்கு அந்த உணர்வு இல்லை. தள்ளிவிட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை என்று அவன் நிச்சயமாக நம்புகிறான்.

அந்த ஒன்றுமில்லாத இடம் எப்படிப்பட்டது என்பதை இரண்டாவது படத்தில் பார்க்கலாம். சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த ‘சாருலதா’. தாகூர் 1901-ல் எழுதிய ‘நஷ்டநீட்’ என்ற நெடுங்கதைதான் மூலம். கலைந்த கூடு என்று நாம் சொல்லலாம். 1879-ல் கல்கத்தாவில் ஒரு பணக்கார வீடு. எஜமானர் பூபதி இங்கிலீஷில் பத்திரிகை நடத்துகிறார். தேசம், அரசியல், சீர்திருத்தம் என்று அவருக்கு எந்நேரமும் யோசனை. மனைவி சாருவுக்கு வீட்டில் வேலை கிடையாது.

படம் ஆரம்பித்து ஏழு நிமிஷம் வரையில் பேச்சே இல்லை என்று சொல்லலாம். வேலைக்காரனைக் கூப்பிட்டு அவள் ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. சாரு கைக்குட்டையில் பூவேலை செய்கிறாள். புஸ்தக அலமாரியில் ஒன்றை எடுக்கிறாள், வைக்கிறாள். பிறகு நாடகம் பார்க்க வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஜன்னலின் மரப்பலகைகளைத் திறந்து தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான். பல்லக்கு போகிறது. குடையும் தொந்தியுமாக ஒருவர் போகிறார். அவர் ஒரு ஜன்னலிலிருந்து மறைந்தால் இவள் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள். அந்தச் சமயத்தில் பூபதி அறைக்குள்ளிலிருந்து வந்து, ஒரு புஸ்தகத்தைப் படித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போகிறார். அவள் அங்கே நிற்பது அவர் கண்ணில் படவில்லை. கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் போகிற புருஷனை அவள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள்.

இதை நான் நாவலில் எழுதியிருந்தால், “அவளுக்குப் பொழுது போகவில்லை; கணவன் அவளைக் கவனிக்கவில்லை” என்று சொல்லியிருப்பேன். நன்றாக எழுதுகிறவராக இருந்தால் ஒரு பக்கம் எழுதுவார். வாசகர் அதை அரை நிமிஷத்தில் படித்துவிட்டு, “சரி, தெரிந்துகொண்டேன்” என்று அடுத்த பக்கம் போய்விடுவார். ராய் நமக்குத் தகவல் சொல்லவில்லை. பொழுது போகாத ஒருத்தியின் பகல் பொழுதில் ஏழு நிமிஷத்தை எடுத்து நம் கையில் கொடுத்து, “கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அதன் கனம் நமக்குத் தெரிந்த பிறகுதான், அமல் என்ற இளைஞன் புயற்காற்றோடு வந்து அந்த வீட்டுக்குள் நுழையும்போது நமக்கும் மூச்சு வருகிறது. ஏழு நிமிஷத்தைத் தள்ளிவிட்டவருக்கு அமல் வெறும் மைத்துனன். கதையில் அடுத்து வருகிற பாத்திரம்.

இங்கேதான் புஸ்தகத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புஸ்தகத்தில் வேகம் வாசகருடையது. நான் பத்து வரியில் ஓர் ஆற்றங்கரையை வர்ணித்தால் அதைத் தாண்டிப் போக அவருக்கு உரிமை உண்டு. அதை நினைத்து நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. படத்தில் நீளம் என்பதே ஒரு சொல். கவிதையிலிருந்து சொற்களை உருவினால் என்ன மிஞ்சுமோ, படத்திலிருந்து நேரத்தை உருவினாலும் அதுதான் மிஞ்சும். கதைச் சுருக்கம் மிஞ்சும்.

‘சாருலதா’வில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாருவின் அண்ணன் பூபதியின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற பகுதி கொஞ்சம் அவசரமாக முடிந்துவிடுகிறது. ஆனால் முடிவு மறக்க முடியாதது. தாகூர் ஒரே வார்த்தையில் முடித்த கதையை, ராய் தொடப்போய்த் தொடாமல் நின்றுவிட்ட இரண்டு கைகளில் முடிக்கிறார். படமே அங்கே அசையாமல் நின்றுவிடுகிறது. அந்தக் கைகள் சேர்ந்தனவா என்று நாலு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். சேர்ந்திருக்கும் என்கிறாள் என் மனைவி. அவளுக்கு மனிதர்களிடத்தில் என்னைவிட நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது படம் ‘உம்பர்த்தோ டி.’ இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா 1952-ல் எடுத்தது. ஒரு பென்ஷன்காரரின் கதை. ரோமாபுரியில் பென்ஷனை உயர்த்தச் சொல்லிக் கிழவர்கள் ஊர்வலம் போகிறார்கள்; அனுமதி வாங்கவில்லை என்று போலீஸார் கலைத்துவிடுகிறார்கள். அதில் ஒருவர் உம்பர்த்தோ. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரு நாய்க்குட்டி உண்டு. வாடகை பாக்கி பதினைந்தாயிரம் லீரா. வீட்டுக்காரி அவரை வெளியேற்றப் பார்க்கிறாள். கடிகாரத்தை விற்கிறார், புஸ்தகங்களை விற்கிறார். பென்ஷனை நம்பி மாதக் கடைசியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை இத்தாலியில் நடப்பதாகவே தோன்றாது. கிழவராக நடித்த கார்லோ பத்திஸ்தி தொழில் நடிகர் அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர்.

ஒரு கட்டத்தில் அவர் பிச்சை எடுக்கத் துணிகிறார். தெருவோரம் நின்று கையை நீட்டிப் பார்க்கிறார். யாரோ ஒருவர் நின்று பையைத் துழாவுகிற அந்த க்ஷணத்தில், கையைத் திருப்பி, மழைத்தூறல் விழுகிறதா என்று பார்ப்பதுபோல வைத்துக்கொள்கிறார். கௌரவம் என்ற ஒன்றைப் பற்றி எத்தனையோ நாவல்கள் படித்திருக்கிறேன். அந்த உள்ளங்கை புரண்டதுபோல எந்தப் பக்கமும் என்னைத் தொட்டதில்லை. பின்னணி சங்கீதம் மட்டும் சில இடங்களில் நம்மை அழச் சொல்லித் தொந்தரவு செய்கிறது. அந்தக் கைக்குச் சங்கீதம் எதற்கு?

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு காட்சி. வீட்டுக்காரியிடம் ஒரு வேலைக்காரச் சிறுமி இருக்கிறாள். கிராமத்துப் பெண். கல்யாணமாகாமல் கர்ப்பமாகியிருக்கிறாள். ஒரு நாள் காலையில் அவள் எழுந்து சமையலறைக்கு வருகிறாள். நெருப்புக்குச்சியைக் கிழித்து அடுப்புப் பற்றவைக்கிறாள்; குச்சி உடனே பற்றவில்லை. ஜன்னல் வழியே கூரைமேல் நடக்கிற ஒரு பூனையைப் பார்க்கிறாள். தன் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறாள். உட்கார்ந்து காப்பிக்கொட்டை அரைக்கிறாள். அரைத்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீர் நிரம்புகிறது. எழுந்திராமலே காலை நீட்டிக் கால்விரலால் கதவைத் தள்ளிச் சாத்தப் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பேரன் கை பொத்தானுக்குப் போயிற்று. “தாத்தா, இவ காப்பிக்கொட்டை அரைக்கறதை எதுக்கு இவ்வளவு நேரம் காட்டறாங்க?” என்று கேட்டான்.

நான் ஏதோ கலைத் தத்துவம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, “நம்ம வீட்டுல கார்த்தால யாரு காப்பி போடறா, எப்படிப் போடறான்னு நீ ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கியாடா?” என்றாள்.

விமரிசகர்கள் அந்தக் காட்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. தினமும் நம் கண்முன் நடக்கிற காரியத்தை நாம் பார்ப்பதில்லை. பார்க்க வைக்க ஒருவர் காமிராவைக் கொண்டுவந்து அத்தனை நேரம் வைக்க வேண்டியிருக்கிறது. பேரன் பொத்தானைத் தட்டவில்லை. பாட்டியின் பேச்சுக்குப் பயந்துதான் என்றாலும் நல்லதுதான்.

நாலாவது, ‘டோக்கியோக் கதை’. ஜப்பானில் ஓசு யாசுஜிரோ 1953-ல் எடுத்தது. 2012-ல் உலகத்து டைரக்டர்கள் பலரிடம் வோட்டு எடுத்தபோது, எல்லாப் படங்களிலும் இதற்கே முதலிடம் கிடைத்தது. இப்படியெல்லாம் முன்கூட்டிக் கேள்விப்பட்டுவிட்டு ஒரு படத்தைப் பார்ப்பது கஷ்டம். பெரிதாக எதையோ எதிர்பார்த்து உட்காருவோம். இதில் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. ஓனோமிச்சி என்ற கடற்கரை ஊரில் வயதான தம்பதிகள். டோக்கியோவில் மூத்த மகன் டாக்டர். மகள் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறாள். இன்னொரு மகன் யுத்தத்தில் போய்விட்டான். அவன் மனைவி நொரிகோ ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கிழவரும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. திரும்பிப் போகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் கிழவி இறந்துபோகிறாள். இவ்வளவுதான் கதை.

காமிரா தரையோடு தரையாக, பாய்மேல் உட்கார்ந்திருப்பவர் பார்வை மட்டத்தில் இருக்கிறது. அநேகமாக நகர்வதே இல்லை. கூடத்தில் கீழே உட்கார்ந்து வளர்ந்த நமக்கு அந்த மட்டம் அந்நியமானது அல்ல. ஆள் அறையை விட்டுப் போன பிறகும் காலி அறையைக் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. கிழவராக நடித்த ரியூ சிஷூவுக்கு அப்போது வயது ஐம்பதுகூட ஆகவில்லை என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. அந்த முதுகு எழுபது வயது முதுகு.

இந்தக் கதையை நம் ஊரில் எடுத்திருந்தால் மருமகளைக் கொடுமைக்காரியாக்கியிருப்பார்கள், பிள்ளைகளைக் கல்நெஞ்சர்களாக்கியிருப்பார்கள், கடைசியில் எல்லோரும் காலில் விழுந்து அழுதிருப்பார்கள். ஓசு அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. அம்மா அப்பாவை வெளியே அழைத்துப் போக மூத்த மகன் கிளம்பியே விடுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளிக் குழந்தையைப் பார்க்க அழைப்பு வருகிறது. மகளுக்குக் கடையில் கூட்டம். அவர்களுடைய காரணங்கள் எல்லாம் நிஜமான காரணங்கள். நம்முடைய காரணங்களும் அப்படித்தானே?

என்ன செய்யலாமென்று யோசித்து, அண்ணனும் தங்கையும் பணம் போட்டுப் பெற்றோரை அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். பார்வைக்கு இது பிள்ளைகள் செய்கிற உபசாரம். ஆனால் அந்த விடுதியில் இரவெல்லாம் கும்மாளமும் பாட்டும். கிழவருக்கும் கிழவிக்கும் தூக்கமில்லை. மறுநாளே புறப்பட்டு வந்துவிடுகிறார்கள். வந்து நிற்பவர்களைப் பார்த்து மகள், “ஏன் இவ்வளவு சீக்கிரம்?” என்று முகம் சுளிக்கிறாள். இரண்டாம் தடவை பார்த்தபோது எனக்குச் சட்டென்று தோன்றிற்று. அட்டாமிக்கு அனுப்பியது என்ன? அவர்கள் கையில் அன்று இருந்த பொத்தான் அது. பெற்றோரோடு இருக்க வேண்டிய சில நாட்களைப் பணம் கொடுத்து முன்னே தள்ளப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்காத நேரம்; கிழவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம். அதைத் தாண்டிவிட்டால் நல்லது என்று நினைத்தார்கள்.

இந்தப் படத்தைத்தான் பேரன் முதலில் தன் அறையில் தனியாகப் பார்த்திருந்தான். ஒன்றரை மடங்கு வேகத்தில். “நல்ல படம் தாத்தா, பசங்க அப்பா அம்மாவுக்கு டைமே குடுக்கறதில்ல, ரொம்பப் பாவம்” என்று மனப்பூர்வமாகச் சொன்னான். அவன் இளகிய மனம் உள்ளவன். அவனைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்த வேகத்தில் பார்க்கிற எவருக்கும் இதுதான் கிடைக்கும். பிள்ளைகள் நேரம் கொடுக்கவில்லை என்ற தகவல் கிடைக்கும். அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்பது கிடைக்காது. கிழவி பேரக்குழந்தையோடு மேட்டில் நின்றுகொண்டு, நீ பெரியவனாகி டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்று தன்பாட்டில் கேட்டுக்கொள்கிற இடம் இருக்கிறது. குழந்தை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. அதை அந்தக் கிழவியின் வேகத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெற்றோருக்கு நேரம் கொடுக்காதவர்கள் திரையில் இரண்டு மூன்று பேர்தான். திரைக்கு வெளியே உட்கார்ந்து அவர்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் துரத்துகிற நாமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறோம்.

நொரிகோவைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்த சம்பந்தம் இல்லாத அந்த மருமகள்தான் ஆபீஸுக்கு லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். அவளை ஓசு தேவதையாக்கவில்லை. கடைசியில் மாமனார் புகழும்போது, தான் அவ்வளவு நல்லவள் இல்லை, இறந்த கணவனை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். அவர் இறந்துபோன மனைவியின் கடிகாரத்தை அவளிடம் கொடுக்கிறார். கடிகாரத்தை விற்ற இத்தாலியக் கிழவரின் ஞாபகம் எனக்கு வந்தது. மனிதர்கள் கடைசியாகக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லைபோலும்.

ஐந்தாவது நம் படம். பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988-ல் வெளிவந்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், வேலைக்குப் போகிற ஒரு பெண், தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் புறப்படுகிறாள். லோன், பிளான் அனுமதி, ஒப்பந்தக்காரர், சிமெண்டு, லஞ்சம், கடன் என்று நடுத்தரக் குடும்பத்தில் வீடு கட்டின யாரும் ஒவ்வொரு காட்சிக்கும் தலையை ஆட்டுவார்கள். இதிலும் பாட்டு கிடையாது. இளையராஜாவின் ஓர் இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணிக்குச் சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கொஞ்சம் சுலபமாகவே கெட்டவராகிவிடுகிறார் என்பது என் குறை. வீட்டைக் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வீடு இருக்கும். அதையும் ஒரு நிமிஷம் காட்டியிருக்கலாம்.

தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பழைய நாடக மேடைக்காரர். பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்க அவர் ஒரு நாள் தனியாகப் புறப்படுகிறார். குடையை எடுத்துக்கொள்கிறார். பஸ் ஏறுகிறார். மெல்ல நடந்து போய் அந்தச் செங்கல் சுவர்களுக்கு நடுவே நிற்கிறார். அறை அறையாகப் போகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை, பேசுவதற்கு அங்கே யாருமில்லை. பூச்சுப் பூசாத சுவர்களுக்குள் அந்த மனிதருக்கு அன்றைக்கே கிருகப் பிரவேசம் ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அவர் நெடுநாள் இருப்பதில்லை.

இந்தக் காட்சியிலும் கதை நகரவில்லை. ‘கிழவர் போய் வீட்டைப் பார்த்தார்’ என்று நாலு சொற்களில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நடக்கிற நடைக்கு ஈடாக நாமும் நடந்தால்தான், பிறகு அந்த வீட்டுக்கு நேர்கிற கதி நம்மை அடிக்கும். சர்க்கார் அந்த நிலத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டாகிவிட்டது என்று கடைசியில் தெரியவரும்போது, நாம் கேட்பது ஒரு செய்தியல்ல. நாம் தொட்டுப் பார்த்த சுவர் அது.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘வீடு’ படத்தின் மூலச் சுருள் இல்லாமல் போய்விட்டது என்று பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பழைய தமிழ்ப் படங்களைப் பாதுகாத்து வைக்க ஒரு காப்பகம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2014-ல் காலமானார். அவருடைய படம் இன்று நம்மிடம் இருப்பதெல்லாம் எப்படியோ தப்பிப் பிழைத்த பிரதிகளாகத்தான். நான் பார்த்த பிரதியில் நிறம் மங்கியிருந்தது. இனி அந்தப் படம் உயிரோடு இருக்கப்போவது நம் வீட்டுக் கூடங்களில்தான். அங்கே அதை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அதுவே அந்தப் படம்.

ஆகவே, படம் ஓடுகிற நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அது படத்துக்குள் இருக்கிற மனிதர்களுக்குச் சொந்தம். சாருவின் பகல் பொழுது சாருவினுடையது. காப்பிக்கொட்டை அரைக்கிற பெண்ணின் காலை அவளுடையது. அதில் கொஞ்சம் நமக்குக் கடனாகக் கிடைக்கிறது. நாம் சுருக்கி எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு நஷ்டமில்லை, நமக்குத்தான்.

எல்லாப் படங்களையும் தவம்போல உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மரியாதைக்கு லாயக்கில்லாத படங்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றைத் தாராளமாகத் தள்ளுங்கள். முழுக்கத் தள்ளிவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் ஒரு நல்ல படத்துக்கு உட்காருகிறபோது அந்தக் கருவியைக் கைக்கெட்டாத அலமாரியில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஆரம்பிக்கிறவர்கள் ‘உம்பர்த்தோ டி.’யிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒன்றரை மணி நேரம்தான். நாய்க்குட்டியும் இருப்பதால் குழந்தைகளும் கூட உட்காருவார்கள்.